பெஸ்டலாசி

சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் 1746ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பெஸ்டலாசி பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்த அவரை அன்னையும் பாபெலி என்னும் பணிப்பெண்ணும் வளர்த்தனர்.

அக்காலத்துப் பள்ளிகளில் கல்வி என்பது நெட்டுருப் போடுதலே. சமய வினாவிடையைப் பொருள் விளங்காமலே ஒப்பித்த பிள்ளை நன்கு கற்ற பிள்ளை எனப்பட்டது. ஒப்பிக்க இயலாத பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. ஏழைச் சிறார்க்கோ இக்கல்வியும் அரிதாயிற்று.

நூய்கோப் என்னும் தம் பண்ணையில் 1774ஆம் ஆண்டு பெஸ்டலாசி அத்தகைய சிறார்க்கு இல்லம் அமைத்தார். நூல் நூற்றுக்கொண்டே அவர்கள் கல்வியும் பெற்றனர். அன்பிற் சிறந்த அப்பெரியார் கணக்கு வழக்கில் சிறந்தவர் அல்லர். மனைவியார் அன்னாவின் செல்வமும் கரைந்தது. 1780இல் இல்லம் மூடப்பட்டது.

1798ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் வட்டாரத்தைப் பாழாக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றனர். அவர்களைப் பேணும் பொறுப்பை அரசு பெஸ்டலாசியிடம் ஒப்புவித்தது. 1799 சனவரியில், கன்னிமாடம் ஒன்றன் பகுதியில், ஏறத்தாழ எண்பது குழந்தைகள் கூடினர். பலர் சொறி சிரங்கினால் வருந்தினர். துணைக்குப் பணிப்பெண் ஒருத்தியே இருந்தாள். ஊரார் கத்தோலிக்கர், வேற்றுச் சபையினராகிய அவரை, பகைத்த அரசின் ஆள் என்று ஐயுற்றனர். அவரோ குழந்தைகளைக் குளிப்பாட்டினார், அவர்களுடன் உண்டார், அவர்கள் நடுவே உறங்கினார். போதிய நூல்கள் இல்லை. ஆகவே கண்முன் உள்ள பொருள்களே பாடமாயின. கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பித்தது. பிள்ளைகள் தேறிவருங்கால், சூன் திங்களில் படையினர் அம்மாடத்தை மருத்துவமனைக்கென எடுத்துக்கொண்டனர். உடல் நலிந்த பெஸ்டலாசி வெளியேறினார்.

அடுத்துப் பர்க்டார்ப் நகரில் சிறிய பள்ளியொன்றில் கற்பித்தார். வினாவிடை ஒப்பிக்கும் ஒலி கேளாமையால் பெற்றோர் அஞ்சினர். தம் மக்களை வைத்து ஆய்வு நடத்துதல் தகாது என்று முறையிட்டனர். அவர் வேறொரு பள்ளிக்கு மாற நேர்ந்தது. அங்கே வகுப்பறைச் சுவரை மூடியிருந்த பழந்துணி கிழிந்து கிடந்தது. வேறோர் ஆசிரியராயின் அதனை மறைத்திருப்பார். பெஸ்டலாசி அக்கிழிசல்களையே பாடமாக்கினார். துளைகள் எத்தனை, எவ்வடிவின, எங்குள்ளன என்று பிள்ளைகள் நோக்கிக் கூறினர். எண்ணும் வடிவும் சொல்லும் இவ்வாறு ஒருங்கே விளங்கின. பொருளைக் கண்டபின் சொல்லைக் கற்பதே இயற்கை என்பது அவர் துணிபு.

1805ஆம் ஆண்டு முதல் இவெர்டன் கோட்டையில் அவர் பள்ளி நடைபெற்றது. அங்கே நிலநூற் பாடம் படத்தில் தொடங்கவில்லை. பிள்ளைகள் அருகிலிருந்த பள்ளத்தாக்கிற்குச் சென்றனர்; மேடு பள்ளங்களை உற்று நோக்கினர்; களிமண் கொணர்ந்து மேசைமீது அப்பள்ளத்தாக்கினை உருவாக்கினர். மறுநாள் மீண்டும் சென்று, விடுபட்டவற்றைக் கண்டு சேர்த்தனர். அதன் பின்னரே நிலப்படம் அவர்கள் கைக்கு வந்தது. அயல்நாட்டார் பலர் இதனைக் காண வந்தனர். பின்னாளில் குழந்தைத் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த பிரோபெல் 1808 முதல் ஈராண்டுகள் அங்கே தங்கினார்.

ஆசிரியரிடையே எழுந்த பூசல் அப்பள்ளியை அரித்தது. 1825இல் அது மூடப்பட்டது. எண்பதை நெருங்கிய பெஸ்டலாசி நூய்கோப் திரும்பினார். 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் காலமானார். பிர் என்னும் சிற்றூரில், பள்ளிக்கூடத்தின் அருகே, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.