நூல்களால் விடையிறுத்த நுண்மதியாளர்: சுப்பிரமணியன் சந்திரசேகர்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரைக் கையில் எடுக்கும் அன்பர்கள் கவிஞர் ஒருவரின் வரலாற்றை எதிர்பார்ப்பது இயல்பு. விண்மீன்களின் வாழ்வையும் சாவையும் கணித்த ஓர் அறிவியலாளர் இம்மலரில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நூல் எழுதுவதைத் தவமாகக் கொண்டவர் எத்துறையினர் ஆயினும் நம் வட்டத்துக்கு உறவினரே ஆவார்.

கணிதம், கோட்பாட்டு இயற்பியல், பொறியியல் ஆகியவற்றில் உயர்நிலைப் பார்வை நூல்கள் என்று சில உண்டு. அவை ஒருமுறை படித்து மூடிவைக்கப்படுவன அல்ல. ஒரு சமன்பாட்டுக்காகவோ ஓர் அட்டவணைக்காகவோ ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் நாடிச் செல்பவை. அத்தகைய நூல்களை ஆறு துறைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்தளித்த தமிழர் சந்திரசேகர். அந்நூல் வரிசையின் முதல் நூலுக்குப் பின்னால் ஓர் அவமதிப்பின் வரலாறு இருக்கிறது.

தாயின் துணை

1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூரில் அவர் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர்; நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் தமையனார். தாயார் சீதாலட்சுமி அம்மையார், நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். தன்னை அறிய வேண்டி இல்லத்தினின்றும் புறப்படும் ஒரு பெண்ணின் கதையை விரும்பித் தமிழாக்கிய அவ்வம்மையார், தம் மகன் தன் உள்ளம் காட்டும் வழியிலேயே செல்ல வேண்டும் என்று கருதியதில் வியப்பில்லை. மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆராய்ச்சியே தம் வழி என்றிருந்த மகனுக்குத் தாயார் துணைநின்றார்.

குடும்பம் 1918இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கத்தில் இல்லத்திலேயே பயின்ற சிறுவர், பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் கற்றார்.

நூல் காட்டிய வழி

கல்லூரி நாளில் இரு நூல்கள் அவர் வாழ்வைத் திருப்பின. ஒன்று, செர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு எழுதிய அணுக் கட்டமைப்பும் நிறமாலைக் கோடுகளும் என்னும் நூல். அதனை முற்றும் கற்றுத் தெளிந்திருந்த வேளையில், 1928இல் அந்நூலாசிரியரே சென்னைக்கு வந்தார். பதினெட்டு வயது மாணவர் அவரைத் தேடிச்சென்று கண்டார். புதிய குவாண்டம் இயக்கவியல் தோன்றிவிட்டமையால் தம் நூலிற் கண்ட பெரும்பகுதி பழையதாகிவிட்டது என்று நூலாசிரியரே கூறக் கேட்டு அம்மாணவர் திகைத்துப் போனார். ஆயினும் சோமர்ஃபெல்டு அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை; உலோகங்களில் எலெக்ட்ரான்களின் இயல்பு பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியை அளித்தார். அதனைக் கற்று, மறு ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிடும் அளவுக்குச் சந்திரசேகர் உயர்ந்தார்.

மற்றொன்று, ஆங்கில வானியலறிஞர் எடிங்டன் எழுதிய விண்மீன்களின் உள்ளமைப்பு என்னும் நூல். இயற்பியற் போட்டி ஒன்றில் வென்றமைக்குப் பரிசாக இந்நூலையே அவர் கேட்டுப் பெற்றார். விண்மீன்களின்பால் அவரை ஈர்த்த அந்நூலின் ஆசிரியரே பின்னாளில் அவருடைய கண்டுபிடிப்பை எள்ளி நகையாடியது காலத்தின் விந்தை.

கடல்மேல் ஒரு கணக்கு

அரசின் உதவித்தொகை பெற்று, 1930 சூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். தாயார் அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார். எனினும் மகன் சென்றே தீர வேண்டும் என்றார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் தரும் அழுத்தமே அதனைத் தாங்கி நிற்கிறது என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் பௌலர் 1926இல் விளக்கியிருந்தார். நெருக்கம் மிக மிக அவ்வெலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகுமே, அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கிற் கொள்ள வேண்டாமா என்று அப்பயணத்தின்போது இளைஞர் எண்ணினார். கணித்துப் பார்த்தார். அழுத்தம் போதாமற் போகும் ஓர் எல்லை வெளிப்பட்டது. ஏறத்தாழச் சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறை என்று இன்று கொள்ளப்படும் அவ்வெல்லைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக அடங்க இயலாது. சந்திரசேகர் எல்லை என்று இன்று உலகம் வழங்குவது இதுவே.

அவையில் எழுந்த நகைப்பு

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அவ்வாய்வை அருகிருந்து கவனித்து வந்தவர். சார்பியலை இவ்வாறு இணைப்பதே பிழை என்றும், விண்மீன் இப்படி நடந்துகொள்வதை இயற்கை விதி தடுத்தே தீரும் என்றும் அவர் ஏளனத்தோடு பேச, அவை நகைத்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் தலைகுனிந்து திரும்பினார். பௌலி முதலிய பேரறிஞர்கள் தனிமையில் இளைஞரின் பக்கமே நியாயம் என்று ஒப்பினர். வெளிப்படையாக உரைக்க எவரும் முன்வரவில்லை.

அந்நிலையில் வாழ்நாள் முழுதும் வழக்காடிக் கழிப்பவர் உண்டு. துறையையே வெறுத்து ஒதுங்குபவரும் உண்டு. சந்திரசேகர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். 1936இல் லலிதா அம்மையாரை மணந்து, 1937இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்கீஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். தம் ஆய்வையும் அத்துறையின் அடிப்படைகள் அனைத்தையும் திரட்டி, 1939இல் விண்மீன் கட்டமைப்பு பற்றிய தம் முதல் பெருநூலை வெளியிட்டார். அதன்பின் அத்துறையை விட்டு வேறு துறைக்குச் சென்றார். சினம் ஒரு சொல்லும் இல்லாத சமன்பாடுகளே அவர்தம் விடையாயின.

நூல்களின் அணிவகுப்பு

அன்று தொடங்கிய முறையே அவர் வாழ்க்கை முறை ஆயிற்று. ஒரு துறையைத் தேர்ந்து, சில ஆண்டுகள் கட்டுரைகளாக ஆராய்ந்து, முழுமை கண்டதும் நூலாக்கி, அடுத்த துறைக்குச் செல்வார். விண்மீன் கூட்டங்களின் இயக்கவியல் பற்றிய நூல் 1942இல் வந்தது. கதிர்வீச்சு ஒரு வளிமண்டலத்தினூடே சிதறிச் செல்வதை ஆராயும் நூல் 1950இல் வந்தது. பகல் வானின் ஒளி திசைக்குத் திசை வேறுபடுவதற்குக் கணக்கு வகுத்த அந்நூலை வானியலார் மட்டுமன்றி வளிமண்டல ஆய்வாளரும் வெப்பப் பொறியியலாரும் நாடினர்.

1961இல் வெளிவந்த பாய்மங்களின் நிலைப்பு பற்றிய நூலோ பொறியியலாரின் கருவூலம் எனலாம். அடியில் சூடேறும் நீர் எக்கட்டத்தில் புரளத் தொடங்கும்? சுழலும் இரு உருளைகளுக்கிடையே உள்ள நீர்மம் எவ்வேகத்தில் தன் ஒழுங்கை இழக்கும்? அடுப்பங்கரையில் நாள்தோறும் காணும் உலைநீரின் கொந்தளிப்புக்கும் விண்மீனின் உள்ளே நிகழும் கொந்தளிப்புக்கும் பொதுவான கணிதத்தை அந்நூல் வகுத்துக் காட்டுகிறது. நியூயார்க்கின் டோவர் பதிப்பகம் இந்நூலையும் முன்னைய நூல்கள் மூன்றையும் எளிய பதிப்புகளாக வெளியிட்டமையால் அவை மாணவர் கைக்கும் எட்டின.

சுழலும் நீர்மக் கோளங்களின் வடிவம் பற்றிய நூல் 1969இல் வந்தது. இதயநோய்க்கு ஆளான பின்னும் ஓயாது உழைத்து, 1983இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டை நிறைவுசெய்தார். அந்நூலில் அடங்காத கணக்கீடுகளை ஏறத்தாழ 600 தாள்களாகவும் ஆறு குறிப்பேடுகளாகவும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தார். பின்வருவோர் சரிபார்க்க வேண்டும் என்னும் நேர்மை அது. 1935இல் அவை நகைத்த முடிவு, கருந்துளைக்குச் செல்லும் வழியின் முதற்படி என்பதை உலகம் உணர்ந்த காலம் அது. அவ்வாண்டிலேயே நோபல் பரிசும் வந்தது. எடிங்டன் நூற்றாண்டையொட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் உரையாற்றிய சந்திரசேகர், தம்மை இகழ்ந்தவரை அக்காலத்தின் தலைசிறந்த வானியற்பியலராகப் போற்றினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் பொதுவாசகருக்கு விளக்கும் நூலை 1995இல் வெளியிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி சந்திரா என அவர் பெயரைத் தாங்கியது.

நமக்குரிய கடன்

கடலூர்ச் சாலையில் அமைந்த நம் தவளக்குப்பத்திலிருந்தும் இளைஞர்கள் கணிதமும் பொறியியலும் கற்கச் செல்கின்றனர். முயற்சி ஏளனத்துக்கு ஆளாகும் நாள் அவர்களுக்கும் வரலாம். அன்று அவர்கள் நினைக்க வேண்டியது இவ்வாழ்க்கையை. தாயார் ஐரோப்பிய நாடகத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தார். மகன் ஆங்கிலத்தில் அறிவுலகுக்கு ஆறு பெருநூல்களை அளித்தார். அவற்றின் பொருளைத் தாயின் மொழிக்கு மீட்டுக் கொணரும் பணி நம் தலைமுறைக்கு உரியது. அதற்குக் கைகொடுப்பதும் ஓர் இலக்கிய வட்டத்தின் கடமையே.