சிசுக்களுக்கு வீடு கொடுத்த வைத்தியர்

லூயிஸ் தெ அல்மெய்தா என்பவர் 1525-ம் வருஷ வாக்கில் லிஸ்பன் பட்டணத்தில் பிறந்தவர். 1546-ல் வைத்தியம் செய்ய அரசாங்க அனுமதி பெற்றும், கப்பலேறி வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பொருள் சேர்த்தார். நம் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த அர்ச். சவேரியார் ஜப்பானை விட்டுப் புறப்பட்டது 1551-ல். அல்மெய்தா அங்கே முதன்முதல் கால் வைத்தது மறு வருஷம்.

ஜப்பானியக் குடும்பங்களுக்குக் கர்ப்பிணியைப் பேணத் தெரியாமலில்லை. ஐந்தாம் மாதம் வயிற்றில் துணிக்கச்சை கட்டிக் கொண்டாடுவார்கள். பிரசவத்துக்கென்று தனிக் குடிசை ஒதுக்குவதும் பல ஊர்களில் உண்டு. ஆனால் அது சண்டை ஓயாத காலம். இருக்கிற வாய்களுக்கே கஞ்சியில்லாத வீட்டில், பிறந்த சிசுவின் மூச்சை அப்போதே நிறுத்திவிடுவார்கள். பின்னாளில் இதற்கு வழங்கிய பெயர், நெருங்கி முளைத்த பயிரைப் பிடுங்கிக் கலைப்பதைக் குறிக்கும் உழவர் சொல். குழந்தை வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அந்தத் தாய்மாரைக் கல்நெஞ்சக்காரிகள் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம். கிறிஸ்தவப் பட்டணமாகிய லிஸ்பனிலேயே அநாதைச் சிசுக்களை ஏற்க ஆஸ்பத்திரியில் ஏற்பாடு வேண்டியிருந்தது.

அல்மெய்தா பிரசங்கம் செய்து திருப்திப்படவில்லை, பணப்பையை அவிழ்த்தார். 1555-ல், புங்கோ நாட்டு ஃபுனாய் பட்டணத்தில், ஆயிரம் குருசாதோ நாணயம் கொடுத்துச் சிசுக்களுக்கு ஒரு வீடு ஏற்படுத்தினார். வளர்க்க வழியற்றவர்கள் பிள்ளையைக் கொல்லாமல் அங்கே கொண்டுவந்து விடலாம். அந்நாட்டுப் பிரபு ஓத்தோமோ யோஷிஷிகே இதற்குச் சம்மதித்தார். பாலூட்டக் கிறிஸ்தவச் செவிலித்தாய்களை அமர்த்தி, பசுக்களையும் கட்டினார்கள். பசும்பால் குடிக்கும் வழக்கமே அந்நாட்டு ஜனங்களுக்குக் கிடையாது. ஊரார் எவ்வளவு அதிசயப்பட்டிருப்பார்கள்!

1556-ல் மிச்சச் சொத்தையும் விட்டுச் சேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் எழுந்த ஃபுனாய் ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளுக்கும் தனி இடமிருந்தது. ரணவைத்தியத்தை அல்மெய்தாவே செய்தார், ஜப்பானியருக்கும் கற்றுக்கொடுத்தார். துறவிகள் வைத்தியம் செய்யலாகாதென்ற தடை 1560-ல் வந்து சேர்ந்தது. அவருக்கு அது எளிதாயிருந்திராது. ஆனாலும் கீழ்ப்படிந்து, கியூஷூ தீவெங்கும் ஊர் ஊராக வேதம் போதிக்கப் புறப்பட்டார். 1580-ல் மக்காவில் குருப்பட்டம் பெற்று, 1583-ல் அமாகூசா தீவில் மரித்தார். 1587-ல் ஷிமாஸு படை ஃபுனாயை எரித்தபோது ஆஸ்பத்திரியும் அழிந்தது.

அந்தப் பட்டணம் இன்று ஓயித்தா எனப்படுகிறது. சிசுக்களின் வீட்டுக்கும் பசும்பாலுக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நகர வைத்தியர்கள் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் அல்மெய்தாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.