சர்தார் பணிக்கர்: கற்றவர் உரைத்த தூது

கற்றோர் ஆள்வோர்க்குத் தூது செல்லுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரை நாம் அறிவோம். வள்ளுவரும் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். இருபதாம் நூற்றாண்டில் அத்தொழிலைப் பூண்ட சரித்திர ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காவாலம் மாதவ பணிக்கர் 1895-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த குட்டநாட்டில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, சரித்திரத்தில் முதல் வகுப்பில் தேறினார். அலிகார் சர்வகலாசாலையில் ஆசிரியராயும், டில்லியில் பத்திரிகாசிரியராயும், 1944 முதல் பீகானீர் சமஸ்தானத்தில் திவானாயும் விளங்கினார். எவ்வலுவலில் இருப்பினும் எழுதுகோலை அவர் கீழே வைத்தாரல்லர். மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் வந்த வரலாற்றை 1929-இலும், இந்தியாவின் வாழ்வு இந்துமகா சமுத்திரத்தைப் பொறுத்தது என்னும் கருத்தை 1945-இலும் நூல்களாக வெளியிட்டார்.

1948-இல் சுதந்தர இந்தியா அவரைச் சீனத்திற்குத் தன் ஸ்தானாதிபதியாக அனுப்பிற்று. நான்கிங் நகரிலிருந்து பழைய அரசின் வீழ்ச்சியைக் கண்ட அவர், 1950-இல் புதிய அரசின் தலைநகராகிய பீக்கிங் சென்றார். மேனாட்டார் பலர் அப்புதிய அரசை ருஷியாவின் நிழலென்றே எண்ணினர். பணிக்கரோ, அயல்நாட்டாரால் நூறாண்டு தாழ்வுற்ற ஒரு ஜாதி மீண்டும் எழுந்து நிற்பதாக அதனைக் கருதினார். சரித்திரப் பயிற்சி அவருக்கு அளித்த கண் அது.

அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியாவில் யுத்தம் மூண்டது. செப்டம்பரில் இஞ்சோன் துறையில் இறங்கிய ஐக்கிய நாடுகளின் படை, வடகொரியரைத் துரத்திக்கொண்டு 38-ஆம் அட்சரேகையை நெருங்கிற்று. அக்டோபர் 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் சீனப் பிரதமர் சூ என்லாய் பணிக்கரைத் தம் மாளிகைக்கு அழைத்தார். அமெரிக்கப் படை அக்கோட்டைக் கடக்குமாயின் சீனம் போரில் இறங்கும் என்று அறிவித்தார். பணிக்கர் அதனை உடனே டில்லிக்குத் தெரிவித்தார். அங்கிருந்து அச்செய்தி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சென்றது.

வாஷிங்டனில் அதனை நம்பினார் சிலரே. சீனர் வெறும் அச்சுறுத்தல் செய்கின்றனர் எனவும், செய்தி கொணர்ந்தவர் அவர்பால் சாய்வுடையார் எனவும் ஆங்குள்ளோர் கருதினர். அமெரிக்கப் படை கோட்டைக் கடந்தது. அம்மாதம் 19-ஆம் நாள் சீனப் படை யாலு நதியைக் கடந்து உட்புகுந்தது. 1953 ஜூலை 27-இல் போர் ஓய்ந்தபொழுது எல்லை பெரும்பாலும் பழைய இடத்தருகிலேயே நின்றது. இடைப்பட்ட காலத்தில் மடிந்தோர் பல லக்ஷம்.

இதனைக் கேட்போர், பணிக்கர் சொல் என்றும் பொய்த்திலது என எண்ணலாகாது. அதே அக்டோபரில் சீனப் படை திபேத்தினுட் புகுந்தது. சமாதானமாகவே முடிவு காணப்படும் என்ற பீக்கிங்கின் உறுதியை அவர் பெரிதும் நம்பியிருந்தார், கடுமையாக மறுத்துரைக்கவுமில்லை. நவம்பர் 7-ஆம் நாள் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் சர்தார் படேல், நம் ஸ்தானாதிபதி சீனரின் செயலுக்கு நியாயங் காண மிக முயன்றார் என்று குறைகூறினார். ஆயினும் டில்லி பெரும்பாலும் பணிக்கரின் வழியையே பற்றிற்று. 1962-இல் எல்லையிற் போர் மூண்டதை அவர் தம் முதுமையிற் கண்டார்.

சீனத்திலிருந்து மீண்டபின் எகிப்தில் பணியாற்றிய அவர், 1953-இல் ராஜ்ய புனரமைப்புக் கமிஷனின் மூன்று அங்கத்தினருள் ஒருவரானார். அக்கமிஷன் நமக்கு அயலானதன்று. பொட்டிப்புரத்து வயல்களில் நின்று மேற்கே நோக்கின் தோன்றும் மலைகளுக்கு அப்பால் அந்நாளைய தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கிடந்தன. ஏலத்தோட்ட வேலைக்கு நம் பள்ளத்தாக்கினர் கணவாய் ஏறிச் செல்லும் மலை அது. தமிழர் மிகுந்த அவ்விரு தாலுகாக்களையும் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்ற கோரிக்கையைக் கமிஷன் 1955-இல் ஏற்கவில்லை. செங்கோட்டையையும் தென்கோடித் தாலுகாக்களையும் மட்டும் நமக்கு அளிக்கச் சொல்லிற்று. தீர்ப்பளித்த மூவருள் ஒருவர் மலையாளியாயிற்றே என்ற மனக்குறை தமிழர் பலருக்கு இருந்தது. அதே அறிக்கையில், உத்தரப் பிரதேசத்தைப் பிரிக்க வேண்டும் என்று தாம் ஒருவரே தனித்து நின்று மாறுபட்ட குறிப்பெழுதிய துணிவும் அவருடையதே.

பின்னர் பிரான்சில் ஸ்தானாதிபதியாயும், இறுதியில் மைசூர் சர்வகலாசாலையின் துணைவேந்தராயும் இருந்து, 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் மைசூரில் காலமானார்.

மாணவ நண்பர்களே! ஒரு நாட்டை அணுகி அறிந்தவனுக்கு அந்நாட்டின்மேல் பற்றும் உண்டாதல் இயல்பு. அவ்வறிவே கொரியாவில் பணிக்கருக்கு மெய்யைக் காட்டிற்று. அப்பற்றே திபேத்தில் அவர் கண்ணை மறைத்தது. ஆதலின், கற்றவன் தான் விரும்புவதையே இருமுறை ஆராய்தல் வேண்டும். கேட்போரும் கொணர்ந்தவன் சார்பை நோக்கிச் செய்தியைத் தள்ளுதலும் கொள்ளுதலும் ஒழிந்து, செய்தியையே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பாராமையின் விலையை யாலு நதிக்கரையில் செலுத்தியவர்கள் ராஜதந்திரிகள் அல்லர். உங்களை ஒத்த வயதினரான போர்வீரரே.