வெள்ளத்திடம் பாடம் கற்ற பொறியாளர் ஜான் பென்னிகுவிக்

திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல், திருத்துதல் என்ற நான்கு படிகளைச் சுழற்சியாகப் பின்பற்றித் தரத்தை உயர்த்தும் முறையை அமெரிக்க அறிஞர்கள் வால்டர் ஷூஹார்ட், எட்வர்ட்ஸ் டெமிங் ஆகியோர் 20-ஆம் நூற்றாண்டில் வகுத்தளித்தனர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இன்றைய இடுக்கி மாவட்டக் காடுகளில் அதற்கு நிகரான வழியில் பணியாற்றியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

1841 ஜனவரி 15-ஆம் தேதி புனேயில் பிறந்த அவர், இங்கிலாந்தில் ராணுவப் பொறியியல் பயின்று 1860-இல் இந்தியா வந்தார். மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரை, வறண்ட வைகைப் படுகைக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பழையது. 1850-இல் தொடங்கிய சிறு முயற்சி நோய் காரணமாகக் கைவிடப்பட்டிருந்தது. 1882-இல் திட்டத்தை மறுஆய்வு செய்யும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. முந்தைய வரைவுகளின் குறைகளை ஆராய்ந்த அவர், புதிய திட்டத்தை உருவாக்கினார். 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1887-இல் பணி தொடங்கியது. மழைக்கால வெள்ளம் தற்காலிகக் கரைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் தொழிலாளர்கள் பலரின் உயிரைப் பறித்தன. ஒவ்வொரு சேதத்துக்குப் பின்னரும் காரணம் கண்டறியப்பட்டு, அடுத்த பருவத்தின் வேலைமுறை மாற்றியமைக்கப்பட்டது. அடிவாரச் சமவெளியிலிருந்து சுண்ணாம்புக்கல்லை மேலேற்றக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் சுமார் 1,200 அடி நீளத்தில் அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கப்பாதை நீரைக் கிழக்கே கொண்டு சென்றது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்று கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றிய பென்னிகுவிக், 1911 மார்ச் 9-ஆம் தேதி காலமானார்.

சரிபார்க்கும் பணி அவரோடு முடிந்துவிடவில்லை. பாதுகாப்பு குறித்துக் கேரளம் எழுப்பிய ஐயங்களைத் தொடர்ந்து, 1979-க்குப் பின் கான்கிரீட் தாங்குசுவர், எஃகு வட நங்கூரம் ஆகியவற்றால் அணை வலுப்படுத்தப்பட்டது. 2014-இல் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சமும், தேனி முதல் ராமநாதபுரம் வரையிலான ஐந்து மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் ஒருசேர இந்தக் கண்காணிப்பையே நம்பியுள்ளன.

அவரது பிறந்த நாளைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் ஆண்டுதோறும் பொங்கலிட்டுக் கொண்டாடி வருவது குறிப்பிடத்தக்கது.