சாம்பல் புதனில் சிந்திய இரத்தம்

தபசு காலம் ஞாயிறு நீங்கலாக 40 நாட்கள். நோன்பு, ஜெபம், தர்மம் மூன்றும் அதன் கடமைகள். சாம்பல் புதனன்று கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசி அதைத் தொடங்குவார்கள். உடல் மண்ணாகப் போவது என்பதை நினைவூட்டும் சாம்பல் அது.

1693-ம் ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 4-ந் தேதி வந்தது. அன்று ஓரியூரில் ஒரு துறவியின் தலை வெட்டப்பட்டது. அவர்தான் அருளானந்தர்.

இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்தார். போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசர் பெத்ருவுக்குத் தோழராக வளர்ந்தார். 15 வயதில் அந்தச் சுகத்தை உதறினார். இயேசு சபையில் சேர்ந்தார்.

1673-ல் இந்தியா வந்தார். மதுரை மிஷனில் காவி உடுத்தினார். புலால் உணவை விட்டார். தமிழ்ப் பெயர் பூண்டார்.

1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டார். சித்திரவதைக்கு ஆளானார். பின்னர் லிஸ்பன் சென்றபோது, பெத்ரு மன்னராகியிருந்தார். அங்கேயே தங்கும்படி நண்பரை வேண்டினார். அருளானந்தர் இணங்கவில்லை. அடிபட்ட நாட்டுக்கே திரும்பினார்.

தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியுடன் வாழவேண்டும் என்பது நிபந்தனை. தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவள் மன்னரிடம் முறையிட்டாள். அருளானந்தர் கைதானார். ஓரியூருக்குக் கொண்டு போகப்பட்டார்.

40 நாள் நோன்பில் பிறர் ஒருவேளை உணவை விடுகிறார்கள். அவர் அரண்மனையை விட்டார், தாய்நாட்டை விட்டார், நோன்பின் முதல் நாளில் உயிரையே விட்டார்.

1947-ல் புனிதர் பட்டம் பெற்றார். ஓரியூர்ச் செம்மண்ணைப் பக்தர்கள் இன்றும் பயபக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.