தானம் தந்த மூன்று ஆண்டுகள்

ஜனங்களின் அபிமானத்தைப் பெற்ற தலைவர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர்கள் அடைந்த வெற்றிகளை வரிசையாக எடுத்துரைப்பார்கள். அவர்களைப் பிழைக்கச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவோர் அரியர். எம்.ஜி.இராமச்சந்திரன் விஷயத்தில் இக்குறை பெரிது. அவருடைய ஆயுளின் கடைசி மூன்று ஆண்டுகள் எப்படிக் கிடைத்தன என்பதை நினைவூட்டுவது நமது கடமை எனக் கருதுகிறோம்.

1917-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி இலங்கையில் நாவலப்பிட்டியில் அவர் பிறந்தார். தந்தை இளமையிலேயே காலமாகிவிட, தாயார் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார். மூத்தவர் சக்கரபாணியும் இளையவர் இராமச்சந்திரனும் பசியின் கொடுமையை ஒன்றாகவே அநுபவித்தனர். நாடகக் கம்பெனியிலும் ஒன்றாகவே உழைத்தனர். 1936-ல் வெளிவந்த சதி லீலாவதி இளையவரின் முதற் படம். 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த மந்திரி குமாரி அவர் புகழை உயர்த்திய படங்களுள் ஒன்று. ஆகவே, மேட்டூர் முதல் நாமக்கல் வரையிலுள்ள சேலத்துச் சமவெளியார் அவரை அந்நியராக எண்ண நியாயமில்லை.

1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு அவர் தொண்டையைத் துளைத்தது. வைத்தியசாலையில் படுத்திருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். 1972-ல் தனிக் கட்சி கண்டார், 1977-ல் முதன்மந்திரியானார், 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். இளமையில் பசித்த வயிற்றின் நினைவு அத்திட்டத்தில் உண்டு என்பதை யார் மறுப்பார்?

1984 அக்டோபர் 5-ந் தேதி சென்னை அப்போலோ வைத்தியசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்தன; பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் 5-ந் தேதி அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் வைத்தியசாலையில், டிசம்பர் 19-ந் தேதி அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. ஐந்தாம் நாளாகிய டிசம்பர் 24-ந் தேதி இங்கே வாக்குப் பதிவு நடந்தது. தொகுதிக்கு வராமலே ஆண்டிபட்டியில் அவர் வென்றார். அவர் கட்சி 132 ஸ்தானங்களைக் கைப்பற்றியது.

அந்நாட்களில் கோயில்களில் அர்ச்சனைகள் நடந்தன. மசூதிகளிலும் மாதா கோயில்களிலும் பிரார்த்தனைகள் நடந்தன. அந்த அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அவர் உடலுக்குள் சென்று வேலை செய்தது வேறொருவருடைய சிறுநீரகம். அதை ஈந்தவர், பசியில் உடனிருந்த தமையனார் சக்கரபாணியின் புதல்வி லீலாவதி. முதற் படத்தின் பெயரும் உயிரளித்தவரின் பெயரும் ஒன்றாக அமைந்தது வியப்பே.

இச்சிகிச்சையின் தன்மையை ஜனங்கள் அறிவது நலம். புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, இரத்தக் குழாய்களோடும் மூத்திரப் பையோடும் இணைப்பார்கள். உயிரோடிருப்பவர் தந்ததாயின், பெரும்பாலும் அது உடனே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கும். முதற் சில வாரங்களே ஆபத்தானவை. அந்நியப் பொருள் என்று உடல் அதைத் தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கும் மருந்தோ நோய்க் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். ஆகவே தினந்தோறும் இரத்தப் பரிசோதனை, அளந்த மருந்து, பார்வையாளருக்குத் தடை. இம்மருந்தை ஆயுள் முழுவதும் விடலாகாது. அக்காலத்தில் தானம் தருபவரின் விலாவை நீளக் கீறியே சிறுநீரகத்தை எடுத்தார்கள். ஆகையால் தந்தவருக்கும் நோவு உண்டு, ஓய்வும் வேண்டும்.

ஏழு வாரத்துக்குள், 1985 பிப்ரவரி 4-ந் தேதி, எம்.ஜி.ஆர். சென்னை திரும்பினார், 10-ந் தேதி மூன்றாம் முறையாக முதன்மந்திரிப் பிரமாணம் செய்தார். பக்கவாதம் கெடுத்த பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் ஏறக்குறைய மூன்றாண்டு ஆட்சி புரிந்து, 1987 டிசம்பர் 24-ந் தேதி காலமானார். தானம் தந்த அம்மையாரோ எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2021 வரை வாழ்ந்தார். தருவோர் பிழைக்கமாட்டார் என்னும் பயத்துக்கு இதைவிடச் சிறந்த பதில் ஏது?

அன்பினால் தருவது ஒன்று. கடனுக்கு அஞ்சி விற்பது மற்றொன்று. மேட்டூரைக் கடந்து கீழே ஓடும் காவிரியின் கரையிலேயே பள்ளிபாளையம் இருக்கிறது. அங்கே விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் சுமையால் சிறுநீரகத்தை விற்கத் தரகர்கள் தூண்டியதாக 2025-ல் செய்திகள் வந்தன. சர்க்கார் விசாரணையும் நடந்தது. உறுப்பு வியாபாரம் குற்றமென்று 1994-ம் வருஷத்துச் சட்டம் விதித்து முப்பதாண்டு கடந்தும் இந்நிலை! தறிக்காரன் தன் உடலை அடகு வைத்துத்தான் வட்டி கட்டவேண்டுமெனில், அது நமக்கெல்லாம் தலைகுனிவு.

இந்தியாவில் முதல் முதலாக வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் 1971-ல் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. இன்று இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. வேண்டுவது இரண்டு: கூலிக் குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்பது; இறந்தபின் உறுப்புகளைத் தானமளிக்க ஜனங்களைத் தூண்டுவது. ஊர்தோறும் அத்தலைவருக்குச் சிலை எழுப்பும் தொண்டர்கள், இவ்விரண்டு காரியங்களையும் மேற்கொள்வார்களாக. அவருக்கு உயிர் தந்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.