ராணுவப் பணத்தை மறுத்த கணித மேதை!

ரோபோ கீழே விழாமல் எப்படி நடக்கிறது? அதற்கு அடிப்படையான கருத்தை உலகுக்கு விளக்கியவர், நார்பர்ட் வீனர். 1894ல் அமெரிக்காவில் பிறந்தார். மொழிப் பேராசிரியரான தந்தை, வீட்டிலேயே பாடம் நடத்தினார். அவர் ரொம்பக் கண்டிப்பு!

எட்டு வயதில் கண் பார்வை குறைந்தது. ஆறு மாதம் படிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் மருத்துவர். வீனர் பாடங்களைக் காதால் கேட்டு, கணக்குகளை மனதிலேயே போட்டுப் பழகினார். 11 வயதில் கல்லூரி. 18 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1919ல் எம்.ஐ.டி.,யில் ஆசிரியரானார்.

இரண்டாம் உலகப் போரில், விமானங்களைச் சுடும் பீரங்கிகள் பற்றி ஆராய்ந்தார். குண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் விமானம் நகர்ந்துவிடுமே! அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அவர் வடிவமைத்த கருவி போரில் பயன்படவில்லை. ஆனால், அந்த ஆராய்ச்சியில் பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது.

நீங்கள் சைக்கிள் ஓட்டும்போது வண்டி சாய்ந்தால், உடம்பு அதை உணர்கிறது. கை உடனே ஹேண்டில்பாரைத் திருப்புகிறது அல்லவா? அதுபோல இயந்திரமும் தன் செயலின் விளைவைக் கவனித்து, தன்னைத் திருத்திக்கொள்ள முடியும். இதுதான் பின்னூட்டம்.

1945ல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. வீனர் மனம் கலங்கினார். ஏவுகணை செய்வதற்காக, அவரது போர்க்கால ஆய்வறிக்கையை ஒருவர் கேட்டபோது, தர மறுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை, 1947ல் பத்திரிகையிலும் வெளியிட்டார். அதன்பின் ராணுவப் பணத்தில் அவர் ஆராய்ச்சி செய்யவில்லை. எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்!

பின்னூட்டம் உயிர்களுக்கும் இயந்திரங்களுக்கும் பொது என்று, 1948ல் வெளியான, 'சைபர்நெட்டிக்ஸ்' நூலில் விளக்கினார். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

கோல்கட்டாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கும் வந்து, பாடம் நடத்தியிருக்கிறார். 1964 மார்ச்சில், சுவீடன் சென்றிருந்தபோது, ஸ்டாக்ஹோம் நகரில் காலமானார்.